ஆறு மா அல்ல, ஏழு மா

சாமிதுரைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கையும் நடுங்காது. எழுத்துதான் சிறுத்துப்போகும். மாலைக் கல்லூரியில் பொருளாதார டியூட்டராகச் சேர்ந்த ஒன்றரை வருஷத்தில் அவன் நிரப்பியிருந்த நீள நோட்டைப் புரட்டினால், எந்த நாளில் எவ்வளவு கோபம் என்று எழுத்தின் அளவைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெரும்பாலும் அது அவன் மேலேயே அவனுக்கு வந்த கோபம்.

பக்கத்துக்கு மூன்று பத்தி, ஸ்கேல் வைத்துக் கோடு. முதல் பத்தியில் அன்று நடத்தியது. இரண்டாவதில் யார் என்ன கேட்டார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை. மூன்றாவது பத்திக்கு மேல் ‘எங்கே தவறினேன்’ என்று எழுதியிருக்கும். வகுப்பு முடிந்த கையோடு, கரும்பலகையைத் துடைக்கும் முன்பே எழுதிவிடுவான். துடைத்துவிட்டால் பாதி மறந்துபோகும் என்று அவனுக்குப் பயம்.

எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வடக்கே இரண்டு ஊர் தள்ளி, பண்ணை வேலை செய்த குடும்பத்தில் முதலில் எம்.ஏ. படித்தவன் அவன். அம்மா பொன்னுத்தாய் இன்னும் நடவுக்குப் போகிறாள். பலகைக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம், இந்த இடத்தில் நிற்க நமக்கு நிஜமாகவே தெரியுமா என்ற சந்தேகம் பிடரியில் உட்கார்ந்திருக்கும். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் நோட்டு.

வகுப்பில் பதினொரு பேர். எல்லோரும் பகலில் வேலை செய்கிறவர்கள். அரிசி ஆலைக் கணக்கர் யூனுஸ், கூட்டுறவு வங்கிப் பியூன், இரண்டு பஸ் கண்டக்டர்கள், இப்படி. கடைசி பெஞ்சில் வடக்குவெளி வீரையன். சாமிதுரையைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா செத்தபின் அவர் விட்ட குத்தகை நிலத்தை உழுதுகொண்டே பி.யூ.சி. தேறி, பி.ஏ.வுக்கு வந்திருந்தார். பெரும்பாலும் காலில் சேறு காயாமல்தான் வருவார்.

போன வருஷம் நில வாடகை பற்றிய வாரக் கொள்கையை நடத்திய அன்று, சாமிதுரை புத்தகத்தில் இருந்தபடியே பலகையில் மூன்று நிலம் வரைந்தான். நல்ல நிலம், சுமாரான நிலம், கடைநிலம். எதில் எவ்வளவு மிச்சம் நிற்கும் என்று கோடு இழுத்தான். வீரையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதுல பயிர் வச்சவன் எங்க சார் நிக்கிறான்?”

வகுப்பு சிரித்தது. அடுத்த பாடத்தில் வரும் என்று சாமிதுரை சொல்லிவிட்டான். அன்றைய மூன்றாவது பத்தியில் எறும்பு எழுத்தில் இப்படி இருந்தது: “அடுத்த பாடத்தில் வரும் என்றேன். பார்த்தேன். வரவில்லை. எந்தப் பாடத்திலும் வரவில்லை.”

அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

சென்னையில் தமிழிலேயே பட்டப்படிப்பு என்று முழங்கிக்கொண்டிருந்த காலம். குத்தகைதாரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சட்டம் கோட்டையிலிருந்து புறப்பட்டு வந்துவிட்டது. ஊர்க் கணக்கெழுதும் கர்ணத்தின் பேனாவுக்குள்தான் இன்னும் இறங்கவில்லை. மேடைக்கு மேடை நிலச் சீர்திருத்தம். ஊருக்கு ஊர், உழுகிறவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அந்தச் சமயத்தில் ‘கிராமப் பொருளாதாரம்’ என்று புதிதாக ஒரு தாள் வருகிறது, பாடத்திட்ட வரைவு வேண்டும் என்று பாடத்திட்டக் குழுவிலிருந்து துறைத் தலைவர் சாம்பசிவத்துக்குக் கடிதம் வந்தது. அவர் அதைச் சாமிதுரையிடம் தள்ளினார். சாமிதுரைக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. ஆறு வாரம் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். மாணவர்கள் கேட்ட கேள்வி நூற்று நாற்பத்து மூன்று. அதில் அறுபத்தொன்று நிலத்தைப் பற்றி. அதற்கெல்லாம் தான் ஒழுங்காகப் பதில் சொன்னது எத்தனை என்று எண்ணினான். ஒன்பது. அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.

பிறகு பாட வரிசையைத் தலைகீழாகத் திருப்பினான். புத்தகத்தில் முதலில் வந்த கொள்கை கடைசிக்குப் போனது. முதல் அலகு: நிலம் யார் பெயரில், உழுவது யார். இரண்டாவது தண்ணீர் முறை. மூன்றாவது கூலி. ஒவ்வொரு மாணவனும் தனக்குத் தெரிந்த ஒரு வயலை எடுத்துக்கொண்டு, அதன் பத்து வருஷக் கதையை எழுதி வர வேண்டும். அதுதான் பயிற்சி. தேர்வில் அதற்கு நாற்பது மார்க்.

சாம்பசிவம் வரைவைப் படித்துவிட்டு உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மேலத்தெருவில் பெரிய மிராசுக் குடும்பம். நிலமெல்லாம் மைத்துனர் பார்வையில் விட்டுவிட்டு, படிப்பே கதி என்று இருந்தவர். ஆனால் குழுவில் கேள்வி கேட்பார்கள், ஆதாரம் காட்ட வேண்டும், அந்த நோட்டை ஒரு வாரம் கொடுங்கள் என்றார். சாமிதுரைக்குப் பெருமை தாங்கவில்லை. பிரௌன் அட்டை போட்டுக் கொடுத்தான்.

சாம்பசிவத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. சிவப்புப் பென்சில் இல்லாமல் எதையும் படிக்க மாட்டார். கும்பாபிஷேக நோட்டீசைத் திருத்தி, ஓரத்தில் ‘சா.’ என்று சுருக்கொப்பம் போட்டு, தேதியும் எழுதி, தர்மகர்த்தாவுக்கே திருப்பி அனுப்பிய மனிதர். காலேஜில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

நோட்டு மார்கழியில் போனது. வாரம் ஒன்று கழிந்தது, மூன்று கழிந்தது. வீரையனும் வகுப்புக்கு வரவில்லை. அறுப்பு நேரம் என்று சாமிதுரை நினைத்துக்கொண்டான்.

பொங்கல் கழிந்து எட்டாம் நாள் வீரையன் வந்தார். காலில் சேறு இல்லை. மற்றவர்கள் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வந்து மேஜைமேல் கையை ஊன்றினார். நடந்ததைச் சொன்னார். போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்கள் வந்து மொத்தக் கதிரையும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிலம் சொந்தச் சாகுபடி என்றும், வீரையன் தினக்கூலிக்கு வந்துபோன ஆள் என்றும் மிராசுதார் கல்யாணம் முன்கூட்டியே மனு கொடுத்திருந்தார். கர்ணம் எழுதும் சாகுபடிக் கணக்கான அடங்கலிலும் அப்படியே இருந்தது.

“களத்துல வச்சு கல்யாணம் ஐயா என்ன சொன்னாரு தெரியுமா சார்? ‘கதிர் வீட்டுக்கு வந்த பின்னாடி, தை கடைசியிலதானே மனு? ஆறு மா, நாலு வருஷம்னு காலேஜ்ல சொல்லிக்கிட்டுத் திரியறியாமே’ன்னாரு.”

கார்த்திகையில் ஒருநாள் வகுப்பில் வீரையன் கேட்டிருந்தார்: பதிவுக்கு மனு எங்கே கொடுப்பது, கொடுத்தால் அறுக்க விடாமல் தடுத்தால் என்ன செய்வது. கதிர் வீடு வந்தபின், தை கடைசியில் கொடுப்பதுதான் நல்லது என்று இருவரும் பேசி முடித்தார்கள். மூன்று மா ஒரு ஏக்கர் கணக்கில் எவ்வளவு நிலம் என்றதற்கு, “கெடக்கு சார், அஞ்சாறு மா, நாலஞ்சு வருஷமா” என்று வீரையன் பட்டும் படாமலும்தான் சொன்னார். மொட்டையாக எழுதுவது சாமிதுரைக்குப் பிடிக்காது. ‘ஆறு மா, நாலு வருஷம்’ என்று எழுதியது அவன். அந்த வார்த்தைகள் அந்த வரிசையில் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன.

அதைச் சொன்னான். மறைக்கவில்லை. வீரையன் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

“நான் உங்ககிட்டப் பாடம்தான் கேட்டேன். நீங்க அதை வாக்குமூலமா எழுதிக்கிட்டீங்க” என்றார். “எம் பொண்டாட்டிகிட்டக்கூட தேதி சொல்லல சார் நான்.”

துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் சாம்பசிவம் மட்டும் இருந்தார். நோட்டு மேஜையில் இருந்தது, பக்கத்திலேயே தட்டச்சு செய்த பாடத்திட்டம். சாமிதுரை நின்றுகொண்டே கேட்டான். அவர் மறுக்கவில்லை. நோட்டை வீட்டில் வைத்துப் படித்தார். மைத்துனர் கல்யாணம் வந்திருந்தார். அவர் நிலத்தைப் பற்றி இருந்ததால் அவரிடம் சொன்னார். குடும்பத்தில் ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒன்று நடப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா என்று அவனையே கேட்டார்.

“ஆராய்ச்சிக்குன்னு வாங்கினீங்க சார்.”

“ஆராய்ச்சின்னா பேரை எழுதுவாளா யாராவது? ஒரு மாணவர்னு எழுதணும். அதுகூடத் தெரியாம நீர் என்ன ஓய் ஆராய்ச்சி பண்ணறீர்?”

சாமிதுரைக்கு அந்த ஆளின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி மிதிக்க வேண்டும்போல் இருந்தது. அதைவிட மோசம், அவர் சொன்னது சரி. பேரை எழுதியது யார்? யார் கேட்டது என்று தெரிந்தால்தானே கேட்டவருக்குப் புரியும்படி மறுபடி நடத்த முடியும் என்றுதான் எழுதினான். நல்ல காரணம்தான். அந்த நல்ல காரணம் ஒரு குடும்பத்தின் நெல்லை வாரிக்கொண்டு போயிருந்தது. பாடத்திட்டத்தைப் புரட்டினான். அவன் போட்ட வரிசை, அவன் போட்ட பயிற்சி எல்லாம் இருந்தன. முதல் அலகு மட்டும் இல்லை. அந்த இடத்தில் ‘உயர்விளைச்சல் ரகங்களும் உற்பத்திப் பெருக்கமும்’ என்று இருந்தது. மேலே தயாரித்தவர் என்று சாம்பசிவத்தின் பெயர்.

“குழுவில நாலு பேரும் நிலம் உள்ளவா. ஒத்துக்க மாட்டா” என்றார். “மத்தபடி உம்ம வரிசை பிரமாதம்.”

நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. ஒற்றெழுத்து விட்ட இடம், வாக்கியம் நீண்ட இடம் எல்லாம் திருத்தியிருந்தார். மூன்றாவது பத்தியில் பல இடத்தில் ‘தேவையற்ற சுயபச்சாதாபம்’ என்று குறிப்பு. கார்த்திகைப் பக்கம் வந்தது. ‘ஆறு மா, நாலு வருஷம்’ என்பதை அடித்து ஓரத்தில் எழுதியிருந்தார்: “ஆறு மா அல்ல, ஏழு மா. வீரையனின் குத்தகை 1966 முதல். தகவலைச் சரிபார்க்காமல் எழுதக் கூடாது. — சா. 22-12-72.”

எல்லாம் தெரிந்திருக்கிறது இந்த ஆளுக்கு. எத்தனை மா, எந்த வருஷம் என்றுகூட. தெரிந்து, திருத்தி, தேதி போட்டு, பிறகு எழுந்து போய் மைத்துனரிடம் சொல்லியிருக்கிறார். அந்த நோட்டைச் சாக்கடையில் எறியத்தான் முதலில் கை போனது.

எறியவில்லை. வடக்குவெளிக்கு பஸ் ஏறினான். வீரையன் வாசலில் வெறும் களத்தைப் பார்த்தபடி பழைய சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார். திட்டு வாங்கத்தான் போனான், வாங்கினான். இன்னும் எவன் பேரை எழுத வந்தீங்க என்று வீரையனின் மனைவி காளியம்மாள் உள்ளேயிருந்தே கேட்டாள். எல்லாம் முடிந்தபின் நோட்டைப் பிரித்துக் காட்டினான், அந்த ஆளின் அக்கிரமத்தைப் பாருங்கள் என்பதற்காகத்தான். வீரையன் சிவப்பு எழுத்தை ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார்.

“இது யாரு எழுத்து?”

சொன்னான்.

“அவரு யாரு, கல்யாணம் ஐயாவோட மாமா. அக்கா சரசா அம்மாவக் கட்டினவரு. அவங்க வீட்டு ஆளே குத்தகைன்னு எழுதியிருக்காரு.” வீரையன் சாக்கைக் கீழே போட்டார். “சார், வகுப்புக்கு வரலேன்னா ஏன் வரலேன்னு எழுதுவீங்களே. என் பேருல எத்தனை எழுதியிருக்கீங்க?”

எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றரை வருஷத்தில் பதினான்கு. நாற்று விட, நாற்றுப் பறிக்க, நடவு, ஓடத்துறை வாய்க்காலில் முறைத் தண்ணீர் திருப்ப, அறுப்பு. எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. தினக்கூலிக்காரன் முறைத் தண்ணீர் திருப்ப லீவு எடுக்க மாட்டான்.

வீரையன் பதிவுக்கு மனு கொடுத்தார், மாசி கடைசியில் விசாரணை என்று வந்தது. நோட்டைச் சாட்சியமாகக் கொடுப்பது என்று முடிவான பிறகுதான் சாமிதுரைக்கு அடுத்த பயம் பிடித்தது. அதில் வீரையன் மட்டுமா இருந்தார்? ஆலையில் எடை எப்படி மாறுகிறது என்று யூனுஸ் கேட்டது இருந்தது. கண்டக்டர்கள் சொன்னது இருந்தது. ஒருத்தரைக் காப்பாற்றப் போய்ப் பத்துப் பேரை மாட்டிவைப்பதா? இந்தத் தடவை எழுதுவதற்கு முன்னால் கேட்பது என்று தீர்மானித்து, வகுப்பில் நோட்டை மேஜைமேல் வைத்தான். உங்களை எல்லாம் கேட்காமலே இதில் எழுதி வைத்திருக்கிறேன் என்றான். ஒரு கண்டக்டர், தன் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொன்னார். கிழித்தால் நோட்டே செல்லாது என்றார் இன்னொருவர். யூனுஸ்தான் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

“கிழிக்கக் கூடாது. தச்சுட்டா?”

மறுநாள் ஆலையிலிருந்து கோணி ஊசியும் சணலும் கொண்டுவந்தார். வீரையன் பெயர் உள்ள பக்கங்களை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கட்டுக் கட்டாக, நெல் மூட்டை தைக்கிற மாதிரி வாயைச் சேர்த்துத் தைத்தார். சாமிதுரையின் வாய்க்கும் ரெண்டு தையல் போட்டுவிடலாம் என்று பின்பெஞ்சில் யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. சாமிதுரை சிரிக்கவில்லை. சொன்னது தப்பு என்றும் நினைக்கவில்லை.

குத்தகைப் பதிவு அதிகாரி அப்துல் ஜலீல் தாலுகா ஆபீஸ் மாடியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியாத மனிதர். கல்யாணத்தின் வக்கீல் அடங்கலை நீட்டினார். இது வாத்தியாரின் சொந்தக் கிறுக்கல், சாட்சியம் ஆகாது என்றார். அதிகாரி தையல் போட்ட நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். அது மற்றவர்கள் பாடம் என்றான் சாமிதுரை. அவர் திறந்திருந்த பக்கங்களை மட்டும், ஒன்று விடாமல் படித்தார். சிவப்பு வந்த இடத்தில் நின்றார். அடுத்த வாய்தாவுக்குச் சாம்பசிவம் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

சாம்பசிவம் வெள்ளை ஜிப்பாவில் வந்தார். அது தன் எழுத்துதான் என்றார். தன் எழுத்தைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. அது ஒன்றைச் சாமிதுரை அவரைப் பற்றிச் சரியாகக் கணித்திருந்தான். வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்ததை அப்படியே சொன்னார்: நேரில் தெரியாது, கேள்விப்பட்டதை எழுதினேன்.

“சரி” என்றார் அப்துல் ஜலீல். “சரிபார்க்காம எழுதக் கூடாதுன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. ஏழு மா, அறுபத்தாறுன்னு யார்கிட்டச் சரிபார்த்தீங்க?”

கல்யாணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரிபார்க்காமல் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தப்பித்திருக்கலாம். முப்பது வருஷம் சிவப்புப் பென்சில் பிடித்த கை அது. சாம்பசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கல்யாணத்துக்கிட்டதான் கேட்டேன்” என்றார்.

கீழே வராந்தாவில் அவர் சாமிதுரையை நிறுத்தினார். முகம் கறுத்திருந்தது.

“வகுப்பறையில பேசினதை ஆபீசுக்குக் கொண்டுவந்துட்டே. நீயெல்லாம் வாத்தியாரா?”

“ஆபீசுக்கு முன்னாடி அது உங்க வீட்டுக்கு வந்துச்சு சார்.”

அதற்கு மேல் பேசினால் கை நீளும் என்று தெரிந்து, படியில் இறங்கிவிட்டான்.

சித்திரையில் பதிவு வந்தது. வடக்குவெளி, ஏழு மா, குத்தகைதாரர் வீரையன், 1966 முதல். அறுத்துக்கொண்டு போன நெல் திரும்பவில்லை. அதற்கு வேறு கோர்ட்டு என்றார்கள். நோட்டு கோப்போடு சேர்ந்துவிட்டது, கேட்டுப் பார்த்தும் தரவில்லை. அடுத்த வருஷத்துக்கு டியூட்டர் பணியிடம் தேவையில்லை என்று காலேஜ் எழுதியது. பாடத்திட்டம் அச்சாகி வந்தது, முதல் அலகு இல்லாமல்.

பதிவு நகலைக் காட்ட வீரையன் கடைசி வகுப்புக்கு வந்தார். சாமிதுரை வாங்கிப் படித்தான். ஏழு மா, 1966 முதல். அந்த ஆள் திருத்திய வாசகம், அவர் வார்த்தையிலேயே சர்க்கார் முத்திரையோடு இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் தாடை இறுகியது. வீரையன் அதைக் கவனித்தார். நன்றி என்று சொல்லவில்லை. மன்னிப்பதாகவும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, “அன்னிக்குக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல சார்” என்றார்.

சாமிதுரை பலகையில் மூன்று நிலம் வரைந்தான். புத்தகத்தை மூடி வைத்தான். பயிர் வைத்தவன் எங்கே நிற்கிறான் என்பதில் தொடங்கி, மணி அடித்த பிறகும் நடத்தினான்.

பிறகு பலகையைத் துடைக்காமல், கையில் இருந்த தனித்தாளில் ஸ்கேல் வைத்து மூன்று பத்தி போட்டான். இரண்டாவது பத்தியில் பேனா நின்றது. கடைசி பெஞ்சைப் பார்த்தான். பெயரை எழுதலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று வீரையன் தலையை ஆட்டினார். ‘ஒரு மாணவர் கேட்டார்’ என்று எழுதினான். சாம்பசிவம் சொல்லிக்கொடுத்த அதே வாசகம். எழுத்து அவ்வளவு சிறியதாக இருந்தது, பக்கத்தில் நின்ற யூனுஸ் குனிந்து பார்த்தும் அவரால் படிக்க முடியவில்லை.